எம்ஜிபிக்குள் புது என்ஜின்: எடை, இடம், பல் விகிதம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் இக்கால என்ஜினையும் கியர்பாக்ஸையும் பொருத்துவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் குதிரைத் திறனில் தொடங்கிக் குதிரைத் திறனிலேயே முடிந்துவிடுகிறது. எந்த என்ஜின், எத்தனை சிலிண்டர், எவ்வளவு வேகம் என்பவைதான் முதலில் கேட்கப்படும் கேள்விகள். ஆனால் இந்த வேலையில் என்ஜினைத் தேர்ந்தெடுப்பது ஒப்பீட்டளவில் எளிய பகுதி. அந்த என்ஜின் முன் சக்கரங்களின் மீது எவ்வளவு எடையை ஏற்றுகிறது, அதன் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப் எந்த இரும்பில் இடிக்கிறது, அதன் பின்னால் வரும் கியர்பாக்ஸின் விகிதங்கள் பழைய பின் அச்சோடு ஒத்துப்போகின்றனவா என்பவையே முடிந்த காரை ஓட்டத் தகுந்ததாக்குகின்றன, அல்லது கொட்டகையில் நிரந்தரமாக நிறுத்திவிடுகின்றன. இதை விளக்க, பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் செய்த எம்ஜிபியைவிடப் பொருத்தமான கார் கிடைப்பது கடினம். ஏனென்றால், அதைத் தயாரித்த நிறுவனமே அதில் வேறு என்ஜின்களைப் பொருத்தி, ஒருமுறை தடுமாறியது, ஒருமுறை வென்றது. தனி ஆட்களும் சிறு பணிமனைகளும் அதே முயற்சியை இன்றுவரை தொடர்ந்துவருகிறார்கள்.

எம்ஜிபி 1962-இல் அறிமுகமாகி, இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் 1980 வரை தயாரானது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. முந்தைய எம்ஜிஏவைப் போலத் தனிச் சட்டகத்தின் மேல் உடலை ஏற்றிய கார் அல்ல இது. உடலே சட்டகமாக அமைந்த ஒற்றைக்கூடு. முன்பக்கம் 1,798 சிசி வார்ப்பிரும்பு பி-சீரிஸ் என்ஜின், அதன் பின்னால் நான்கு வேக கியர்பாக்ஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங்குகளில் தொங்கும் திடமான அச்சு. விருப்பப்பட்டவர்களுக்கு, அதே வேகத்தில் என்ஜினின் சுற்றுகளைக் குறைக்கும் கூடுதல் கியரான லேகாக் ஓவர்டிரைவ் கிடைத்தது. நம் ஊரில் அம்பாசடரின் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த என்ஜின் அந்நியமாகத் தோன்றாது. அம்பாசடரில் பல்லாண்டுகள் ஓடிய 1,489 சிசி பெட்ரோல் என்ஜினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். இன்னொன்றும் இங்கே குறிப்பிடத் தக்கது: 1990களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதே அம்பாசடரில் இசுசுவின் 1.8 லிட்டர் என்ஜினையும் ஐந்து வேக கியர்பாக்ஸையும் பொருத்தி விற்றது. பழைய உடலில் புதிய இயந்திரம் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல என்பதற்கு அந்த டாக்சிகளே போதும்.

பி-சீரிஸ் உறுதியான என்ஜின், ஆனால் உற்சாகமானதல்ல. தொடக்கத்தில் அதன் திறன் சுமார் 95 குதிரைத் திறன். நிமிடத்துக்கு 5,000 சுற்றுகளைத் தாண்டும்போது அது மகிழ்ச்சியாக ஓடுவதில்லை. பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்துவரச் செய்து கியரை உரசாமல் விழவைக்கும் சிங்க்ரோமெஷ் 1967 வரை முதல் கியரில் கிடையாது. கார் நின்றபின்தான் நிம்மதியாக முதல் கியருக்கு இறங்க முடியும். ஓவர்டிரைவ் இல்லாத கார் நெடுஞ்சாலையில் இரைச்சலோடு ஓடும். கூட்டின் வடிவமும் திசை திருப்பும் துல்லியமும் நன்றாக இருந்து, அவற்றை இயக்கும் இயந்திரம் மட்டும் பின்தங்கியிருந்ததால், அதை மாற்றிப் பார்க்கும் ஆசை இந்தக் காரின் உரிமையாளர்களிடம் மிகச் சீக்கிரமே எழுந்தது. அந்த ஆசை நிறுவனத்துக்கும் இருந்தது.

நிறுவனத்தின் முதல் முயற்சி 1967-இல் வந்த எம்ஜிசி. அதற்குள் வைக்கப்பட்டது 2,912 சிசி அளவுள்ள, ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் கொண்ட என்ஜின். 145 குதிரைத் திறன் என்பது தாளில் கவர்ச்சியான எண்தான். ஆனால் அந்த என்ஜின் முழுக்க வார்ப்பிரும்பு; பி-சீரிஸைவிடச் சுமார் 95 கிலோ கூடுதல் எடை. அதன் நீளமும் உயரமும் முன்பக்க அமைப்பில் அடங்காததால், முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையே கைவிட்டு, சுருள் ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகளை அமைத்தார்கள். பானெட்டில் ஒரு புடைப்பு வந்தது. சக்கரம் 15 அங்குலமானது. இத்தனைக்குப் பிறகும், வளைவில் மூக்கு வெளிப்பக்கம் தள்ளுகிறது, திருப்புவதற்குக் கனமாக இருக்கிறது என்று அக்காலப் பத்திரிகைகள் குறை கூறின. 1969-இல் அதன் தயாரிப்பு நின்றுபோனது. நெடுந்தூரம் ஒரே வேகத்தில் செல்வதற்கு அது மோசமான கார் அல்ல, இன்று அதை மதித்துப் போற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் முன் அச்சுக்கு மேல் ஒரு பெரிய ஆளின் எடைக்கும் மேலாகச் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு எம்ஜிசியே தெளிவான சான்று.

அடுத்த முயற்சிக்குத் தேவையான என்ஜின் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ப்யூக் பிரிவு 1961 முதல் 1963 வரை 215 கன அங்குல அளவில் ஓர் அலுமினிய வி8 என்ஜினைத் தயாரித்து, பிறகு கைவிட்டது. அதன் உரிமையை ரோவர் நிறுவனம் 1965-இல் வாங்கிக்கொண்டது. 3,528 சிசி கொண்ட இந்த என்ஜினில் எட்டு சிலிண்டர்கள் இருந்தபோதிலும், அது பி-சீரிஸைவிடக் கனமானதல்ல. கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர் இதைக் கவனித்து, 1970களின் தொடக்கத்தில் ரோவர் வி8-ஐ எம்ஜிபிக்குள் பொருத்தி விற்கத் தொடங்கினார். அப்போது எம்ஜியின் தாய் நிறுவனமாக இருந்த பிரிட்டிஷ் லேலண்ட் அவருடைய காரை வரவழைத்துப் பார்த்தது. பிறகு 1973-இல் தன் சொந்த எம்ஜிபி ஜிடி வி8-ஐ வெளியிட்டது. சிறு பணிமனைக்காரர் காட்டிய வழியில் பெரிய நிறுவனம் நடந்து, அவருடைய வியாபாரத்தையும் நெருக்கியது என்பது கார் வரலாற்றில் அபூர்வமான நிகழ்வல்ல. இருந்தாலும் காஸ்டெல்லோவின் பெயர் அழியவில்லை.

இரண்டு கார்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பொருத்தும் கலையின் அடிப்படைகள் புரியும். காஸ்டெல்லோவின் பெரும்பாலான கார்களில் கார்புரேட்டர்கள் என்ஜினின் தலைமீது அமர்ந்ததால், பானெட்டில் புடைப்பு தேவைப்பட்டது. நிறுவனத்தின் பொறியாளர்கள் இரண்டு எஸ்யு கார்புரேட்டர்களையும் பின்னோக்கித் தள்ளி, என்ஜின் அறையின் பின்சுவரை ஒட்டி வைக்கும்படி, கலவையை என்ஜினுக்குள் கொண்டுசெல்லும் தனி மேனிஃபோல்டு ஒன்றை வார்த்தார்கள். அதனால் பானெட் பழைய வடிவிலேயே இருந்தது. ரேடியேட்டரை முன்னோக்கி நகர்த்தினார்கள். என்ஜின் அறையின் உட்பக்கச் சுவர்களைத் திருத்தினார்கள். கம்பி ஆரைச் சக்கரங்கள் கூடுதல் முறுக்கு விசையைத் தாங்காது என்பதால் அவற்றை இந்தக் காருக்குக் கொடுக்கவே இல்லை. பின் அச்சின் விகிதத்தை, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு சுற்றவேண்டிய எண்ணிக்கையை, 3.9-இலிருந்து 3.07 ஆக மாற்றினார்கள். திறன் 137 குதிரைத் திறன்தான், எம்ஜிசியைவிடக் குறைவு. ஆனால் நிமிடத்துக்கு 2,900 சுற்றுகளிலேயே சுமார் 262 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கிடைத்தது, முன்பக்க எடையும் கூடவில்லை. கார் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. விலை, எண்ணெய் நெருக்கடி, அமெரிக்கச் சந்தைக்கு அனுப்பாதது ஆகியவற்றால் 1976-க்குள் 2,591 கார்களோடு அது நின்றுபோனது வேறு கதை. பொறியியலில் அதற்குக் குறை சொல்ல அதிகம் இல்லை.

பின் அச்சின் அந்த விகித மாற்றத்தை இன்று என்ஜின் மாற்றுகிறவர்கள் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் கனம் தெரியும். 3.9 விகித அச்சும் 14 அங்குலச் சக்கரமும் உள்ள எம்ஜிபி, நேர் கியரான நான்காவதில் நிமிடத்துக்கு ஒவ்வோர் 1,000 சுற்றுக்கும் ஏறத்தாழ 29 கிலோமீட்டர் வேகம் போகும். அதாவது, மணிக்கு 100 கிலோமீட்டரில் என்ஜின் சுமார் 3,450 சுற்றுகள் சுற்றிக்கொண்டிருக்கும். 0.82 விகிதமுள்ள ஓவர்டிரைவைப் போட்டால் அது 2,850 அளவுக்கு இறங்கும். 3.07 அச்சு கொண்ட வி8 காரில் ஓவர்டிரைவ் இல்லாமலேயே 2,700, ஓவர்டிரைவோடு 2,250. தாழ்ந்த சுற்றுகளிலேயே வலுவாக இழுக்கும் வி8-ஐ 3.9 அச்சோடு விட்டுவைத்தால், முதல் கியர் சில மீட்டரில் முடிந்துபோகும், நெடுஞ்சாலையில் தேவையில்லாமல் என்ஜின் கத்தும், எரிபொருளும் வீணாகும். கூடுதல் திறனுக்காகச் செலவிட்ட பணத்தில் பாதி இப்படித்தான் காற்றில் போகிறது.

இதே கணக்கிலிருந்து, பலர் விரும்பாத ஒரு முடிவும் வருகிறது: பழைய எம்ஜிபியை இக்காலச் சாலையில் வசதியாக ஓட்டவேண்டும் என்பதே நோக்கமாக இருந்தால், என்ஜினைத் தொடாமல் கியர்பாக்ஸை மட்டும் மாற்றினாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். இதற்கு இரண்டு பெட்டிகள் பிரபலம். ஒன்று, ஃபோர்டு சியராவில் வந்த டைப் 9 ஐந்து வேகப் பெட்டி. மற்றது, முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் ஐந்து வேகப் பெட்டி. இரண்டின் ஐந்தாவது கியரும் ஏறத்தாழ 0.82, ஓவர்டிரைவ் தருவதையே இவையும் தருகின்றன. வேறுபாடு முதல் கியரில் இருக்கிறது. நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ் வந்த பிந்தைய எம்ஜிபியின் சொந்த முதல் கியர் 3.44. டைப் 9-இல் அது 3.65. பழைய பெட்டியைவிடவும் குட்டையான முதல் கியர் என்பதால், கிளம்பியவுடனே இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கும். அதற்காகவே நீண்ட முதல் கியர் பற்சக்கரங்களைத் தனியாகச் செய்து விற்கிறார்கள். மாஸ்டா பெட்டியில் முதல் கியர் 3.14; 3.9 அச்சோடு அது இயல்பாகப் பொருந்துகிறது. மாற்றும்போது கைக்குக் கிடைக்கும் உணர்விலும் மாஸ்டா பெட்டி ஒரு படி மேல் என்பது என் கருத்து. விகிதப் பட்டியலைப் பார்க்காமல் மலிவாகக் கிடைத்தது என்பதற்காகக் கியர்பாக்ஸ் வாங்குகிறவர்கள், பிறகு அச்சையும் மாற்ற நேர்ந்து, இரட்டிப்புச் செலவு செய்கிறார்கள்.

என்ஜினையும் மாற்றுவது என்று முடிவானால், இப்போதைய தேர்வுகளில் முன்னால் நிற்பது மாஸ்டாவின் எம்இசட்ஆர் என்ற நான்கு சிலிண்டர் என்ஜின். ஃபோர்டு இதையே டியூராடெக் என்ற பெயரில் பயன்படுத்தியது. அபிங்டனுக்கு அருகிலேயே இயங்கும் ஃப்ரண்ட்லைன் நிறுவனம், எம்ஜிபியின் 50-ஆம் ஆண்டையொட்டி 2012-இல் கொண்டுவந்த எல்இ50 என்ற காரில் இரண்டு லிட்டர் மாஸ்டா என்ஜினும் ஆறு வேக மாஸ்டா பெட்டியும் இருந்தன. முழுக்க அலுமினியம், டைமிங் செயின், சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் என்பதால் இது பி-சீரிஸைவிடப் பல பத்துக் கிலோ இலகுவானது. எம்ஜிசிக்கு நேர்ந்ததற்கு நேர் எதிரான விளைவு இங்கே கிடைக்கிறது. மூன்றாம் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் இந்த இரண்டு லிட்டர் என்ஜின் எந்தத் திருத்தமும் இல்லாமல் சுமார் 160 குதிரைத் திறன் கொடுத்தது. ரோவர் வி8-ஐவிட அதிகம். ஆனால் முறுக்கு விசை 188 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 5,000 சுற்றுகளில். ஆகவே இதற்கு 3.07 அச்சைப் போடுவது தவறு, பழைய 3.9 அச்சு அப்படியே நன்றாக அமைகிறது. ஒரே காருக்கு இரண்டு நல்ல என்ஜின்கள், இரண்டுக்கும் எதிரெதிரான அச்சு விகிதங்கள். திறனை மட்டும் ஒப்பிடுகிறவர்களுக்கு இது புலப்படாது.

மாஸ்டா என்ஜினுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. இன்றைய நான்கு சிலிண்டர் என்ஜின்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கக் கார்களுக்காகக் குறுக்குவாட்டில் வைப்பதற்கென்று வடிவமைக்கப்பட்டவை. அவற்றை நெடுக்குவாட்டில் திருப்பி வைத்தால், கியர்பாக்ஸ் பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் தெர்மோஸ்டாட் உறையும் தண்ணீர்க் குழாய்களும் பின்சுவரில் போய் இடிக்கும். பின்சக்கர இயக்கத்துக்கான கியர்பாக்ஸ் எதுவும் அந்த என்ஜினோடு நேரடியாகச் சேராது. இடையில் ஒரு தகடோ, கிளட்சை மூடி இரண்டையும் இணைக்கும் புதிய பெல் ஹவுசிங்கோ செய்ய வேண்டியிருக்கும். அப்படிச் செய்யும்போது என்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் மையமும் கியர்பாக்ஸ் உள்ளீட்டுத் தண்டின் மையமும் மிக நுண்ணிய அளவில் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பைலட் பேரிங்கும் கிளட்ச் தகடும் சீக்கிரமே பழுதாகும். எத்தனை முறை மாற்றினாலும் அதே பழுது திரும்ப வரும். எம்எக்ஸ்-5-இல் என்ஜினும் பெட்டியும் ஆரம்பத்திலேயே நெடுக்காக, ஒன்றோடொன்று பொருந்தும்படி தயாரானவை. இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த ஜோடியைப் பிரிக்காமல் எடுத்துக்கொள்வது நல்லது.

எம்ஜிபியின் முன்பக்கத்தில் என்ஜினுக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டம்தான் சஸ்பென்ஷனையும் ஸ்டீயரிங் ரேக்கையும் தாங்குகிறது. நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் அது முழுதாகக் கீழே இறங்கிவிடும் என்பது பணிமனைக்கு வசதி. ஆனால் உள்ளே வரும் எந்த என்ஜினும் இந்தச் சட்டத்துக்கு மதிப்புக் கொடுத்தாக வேண்டும். சம்ப்பின் ஆழமான பகுதி சட்டத்துக்குப் பின்னால் வர வேண்டும். முன்பக்கம் ஆழமான சம்ப் உள்ள என்ஜின் என்றால், சம்ப்பை வெட்டி மாற்றி, எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் இடம் மாற்ற வேண்டும். சம்ப்பைக் குட்டையாக்கினால் எண்ணெயின் அளவு குறையும், வேகமான வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். ஆகவே உள்ளே தடுப்புத் தகடுகள் அவசியம். சம்ப்புக்குப் பயந்து என்ஜினை உயர்த்தி வைத்தால் பானெட் மூடாது; பின்னால் தள்ளினால் பின்சுவரை வெட்ட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் இங்கே மாற்றினால் அது மூன்று இடங்களில் போய் முட்டும்.

கியர்பாக்ஸ் போகும் டனலிலும் இதே கதைதான். 1967-இல் நான்கு கியருக்கும் சிங்க்ரோமெஷ் கொண்ட புதிய பெட்டியும், விருப்பத் தேர்வாக ஆட்டோமேட்டிக்கும் வந்தபோது, நிறுவனம் டனலை அகலமாக்கியது. அதனால் 1967-க்குப் பிந்தைய கூடு வேறு பெட்டிகளை ஏற்றுக்கொள்ள எளிது. 1974-இன் பிற்பகுதியிலிருந்து வந்த, கறுப்பு ரப்பர் பம்பர் கொண்ட கார்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம்: அவற்றின் கூடு வி8 காரோடு பொதுவாக்கப்பட்டது. அமெரிக்க விதிகளுக்காக உயரத்தைக் கூட்டி, முகத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் இகழும் அதே கார்கள்தான் என்ஜின் மாற்றுகிறவர்களுக்கு மிகவும் வேண்டப்பட்டவை. குரோம் பம்பர் கார்களை வெட்டாமல் விடுவதற்கும் இது நல்ல காரணம். பெட்டி மாறினால் அதன் நீளம் மாறும், ஆகவே பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் புது நீளத்துக்கு வெட்டிப் பற்றவைத்துச் சமன் செய்ய வேண்டும். அதன் இரு முனை இணைப்புகளின் கோணங்களும் ஒத்திருக்க வேண்டும். கோணம் பிசகினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கார் முழுவதும் அதிரும், அந்த அதிர்வுக்குக் காரணம் தேடி மக்கள் சக்கரங்களைச் சமன் செய்துகொண்டே இருப்பார்கள். கியர் லிவர் பழைய துளையில் வெளிவருகிறதா என்பதையும் முதலிலேயே அளந்துவிடுவது உத்தமம்.

இரும்பு வேலை கண்ணுக்குத் தெரியும். மின்சார வேலை தெரியாது. பாதியில் நின்றுபோன கார்களில் பல வயரிங்கில்தான் நின்றிருக்கும் என்று இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்வதை நம்பலாம். 1967-க்கு முந்தைய எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. மின்சாரம் தந்தது டைனமோ. இக்கால என்ஜினின் கணினியோ நெகட்டிவ் முனை உடலோடு இணைந்த அமைப்பை மட்டுமே அறியும். முனைகளை மாற்றாமல் அதை இணைத்தால் முதல் நொடியிலேயே கணினி போய்விடும். முனைகளை மாற்றினால் பழைய சுழற்சி மானியையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வர வேண்டும். எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர்கள், மின்விசிறி எல்லாம் சேர்ந்து இழுக்கும் மின்சாரத்தைப் பழைய வயர்கள் தாங்காது. ஆகவே என்ஜினுக்கென்று முழுக்கத் தனியான வயரிங்கை ஃப்யூஸ் பெட்டியோடு அமைத்து, பழைய காரின் விளக்கு வயரிங்கோடு இரண்டு மூன்று இடங்களில் மட்டும் அதைச் சந்திக்கவிடுவதே ஒழுங்கான முறை.

அடுத்தது, அந்தக் கணினியையே எப்படிச் சம்மதிக்க வைப்பது. தொழிற்சாலையிலிருந்து வந்த கட்டுப்பாட்டுக் கணினி, தான் பிறந்த காரில்தான் இன்னும் இருப்பதாக எண்ணிக்கொள்ளும்: சாவியின் சிப்பைத் தேடும், பிரேக் அமைப்பிலிருந்து சக்கர வேகத்தைக் கேட்கும், மீட்டர் பலகையோடு பேச முயலும். பதில் வராவிட்டால் என்ஜினைக் கிளப்பவிடாது, அல்லது திறனைக் குறைத்துவிடும். இதற்குச் சிலர் என்ஜின் எடுக்கப்பட்ட காரின் சாவி, பூட்டு, மிதிப் பலகை, மீட்டர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். வேறு சிலர் தொழிற்சாலைக் கணினியை ஒதுக்கிவிட்டு, நிரல்படுத்தக்கூடிய தனிக் கணினி ஒன்றைப் போட்டு, கிராங்க் சென்சார், த்ராட்டில் நிலை, காற்றழுத்தம், வெப்பநிலை, ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றை மட்டும் அதற்குக் கொடுக்கிறார்கள். இரண்டாவது வழி எளிமையானது. ஆனால் அதன் தரம் முழுக்க அதைச் சுருதி சேர்த்தவரின் திறமையைப் பொறுத்தது. முழு வேகத்தில் நன்றாக ஓடும்படி செய்வது கடினமல்ல. குளிர்ந்த காலையில் ஒரே சாவித் திருப்பலில் கிளம்பி, நெரிசலில் சீராக நின்று இயங்கும்படி செய்வதில்தான் தொழிற்சாலைப் பொறியாளர்களின் உழைப்பு எவ்வளவு என்பது தெரியவரும்.

எரிபொருள் வழியையும் புதிதாகவே போட வேண்டும். எம்ஜிபியின் எஸ்யு மின்பம்ப் கார்புரேட்டருக்குப் போதுமான மெல்லிய அழுத்தத்தை மட்டுமே தரும். இன்ஜெக்டர்களுக்கு 3 பார் அளவிலான அழுத்தம் வேண்டும். பழைய ரப்பர் குழாய்கள் அந்த அழுத்தத்துக்கு உரியவை அல்ல, அவற்றை விட்டுவைப்பது தீ விபத்தை அழைப்பதாகும். தட்டையான பெட்ரோல் தொட்டியில் எரிபொருள் ஒருபக்கம் சாயும்போது பம்ப் காற்றை இழுக்காமலிருக்க, இடையில் ஒரு சிறு சேமிப்புக் குடுவை வைக்கிறார்கள்.

வெப்பத்தைப் பற்றி ஒன்றைச் சொன்னால் போதும். வி8-இல் புகைபோக்கிக் குழாய்கள் இருபுறமும் இறங்க வேண்டும். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள காரில் ஒருபுறம் ஸ்டீயரிங் தண்டு வழிமறிக்கும். 1992-இல் ரோவர் குழுமம் எம்ஜிபியின் கூட்டையே அடிப்படையாகக் கொண்டு 3.9 லிட்டர் வி8 என்ஜினோடு எம்ஜி ஆர்வி8 என்ற காரைக் கொண்டுவந்தபோது, குழாய்களை உட்பக்கச் சுவர்களில் துளையிட்டு வெளியே எடுத்து, பிறகு கீழே இறக்கியது. அந்த யோசனை பிடித்துப்போய், இன்று எம்ஜிபியில் வி8 பொருத்துகிறவர்கள் பலர் அதே பாணிக் குழாய்களைப் பயன்படுத்துகிறார்கள்.

பிரேக்கும் அச்சும் மீதி. முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம் என்ற எம்ஜிபியின் அமைப்பு 95 குதிரைத் திறனுக்குப் போதுமானது. அதைப் போல் இருமடங்கு திறனுக்கு முன்பக்கமாவது பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் தேவை. பின் அச்சில், ஆரம்பகாலத் திறந்த கார்களில் இருந்த பான்ஜோ வகையைவிடப் பின்னால் வந்த சாலிஸ்பரி வகை உறுதியானது. ஆனால் அச்சு தாங்கினாலும் பட்டை ஸ்பிரிங்குகள் தாங்காது: திடீரென்று முறுக்கு விசை ஏறும்போது பட்டை எஸ் வடிவில் வளைந்து, அச்சு துள்ளி, டயர் சாலையைத் தட்டும். அச்சின் சுழற்சியைத் தடுக்கும் கம்பிகளை இருபுறமும் பொருத்தி இதைக் கட்டுப்படுத்தலாம். ஆர்வி8-இலும் நிறுவனம் பட்டை ஸ்பிரிங்குகளை விட்டுவைத்தது என்பது, கவனமாகச் செய்தால் அவை 190 குதிரைத் திறனுக்கும் ஈடுகொடுக்கும் என்பதைக் காட்டுகிறது.

சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதம். பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை, பெரிதும் மாற்றப்பட்ட கார்களுக்காக நீண்ட காலம் பின்பற்றிய புள்ளி முறையில் ஒற்றைக்கூட்டுக்கு 5 புள்ளிகள், சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, என்ஜினுக்கு வெறும் 1. பழைய பதிவெண்ணைத் தக்கவைத்துக்கொள்ள 8 வேண்டியிருந்தது. என்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றினாலும் 14-இல் 11 மிஞ்சியது. கூட்டை வெட்டினாலோ அந்த 5 கேள்விக்குள்ளானது. காரின் அடையாளம் என்ஜினில் இல்லை, கூட்டில் இருக்கிறது என்ற பார்வை இது. 40 ஆண்டு கடந்த கார்களுக்கு 2018 மே மாதம் முதல் ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்றாலும், கணிசமாக மாற்றப்பட்ட கார்களுக்கு அது கிடையாது. அந்தக் காருக்கே தொழிற்சாலை கொடுத்த வேறு என்ஜினைப் போட்டால் அது கணிசமான மாற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. கலிஃபோர்னியாவில் 1975-ஆம் ஆண்டு வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. பிந்தைய கார்களில் வரும் என்ஜின், காரின் மாடல் ஆண்டுக்கு முந்தையதாக இருக்கக்கூடாது, தன் மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தோடும் வர வேண்டும். இந்தியாவில் நிலைமை இன்னும் இறுக்கம். 2021-இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த வாகனம் விண்டேஜ் என்று பதிவாக வேண்டுமானால், அதன் சட்டகத்திலோ உடலிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் நடந்திருக்கக்கூடாது.

பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பதும் இதோடு சேர்ந்ததே. ஏற்கெனவே உள்ள துளைகளிலும் தாங்கிகளிலும் போல்ட் போட்டு முடிக்கும் வேலையைப் பின்னாளில் கழற்றிவிடலாம். எண் பொறித்த பழைய என்ஜினைக் காரோடு சேர்த்தே விற்கலாம். பின்சுவரையும் டனலையும் வெட்டிய காரில் அந்த வாய்ப்பு இல்லை, விலையிலும் அது தெரியும். எம்ஜிபிக்காரர்களுக்கு மட்டும் மூன்றாவது வழி ஒன்று திறந்திருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல், தகடுகளை வடிக்கும் அசல் கருவிகளைக் கொண்டே எம்ஜிபியின் முழுக் கூட்டையும் புதிதாகத் தயாரித்து விற்றுவருகிறது. புதிய, மாற்றம் செய்யாத கூட்டுக்கு வாங்கிய ரசீதைக் காட்டினால், பழைய கூட்டுக்குரிய அதே 5 புள்ளிகளைப் பிரிட்டனின் அந்த முறை கொடுத்தது. ஆகவே அங்கே மாஸ்டா என்ஜினோ ரோவர் வி8-ஓ பொருத்த விரும்பியவர் துருப்பிடிக்காத ஒரு பழைய காரை வெட்டத் தேவையிருக்கவில்லை. கூடு அரித்துப்போன ஒரு காரின் அச்சு, ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ஆகியவற்றைப் புதிய கூட்டுக்கு மாற்றிக்கொண்டு, அதன்மீது வேலையைத் தொடங்கினாலே போதுமானதாக இருந்தது.